நான்கு கிலோ குறைந்தது, நெஞ்சு ஏன் படபடக்கிறது?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து 52 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சென்ற ஆண்டு அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டு, இதயத் தமனி அடைத்துக்கொள்ளாமல் விரித்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயைப் பொருத்தினார்கள். இப்போது 14 மாதங்கள் ஆகின்றன. ஆஸ்பிரின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டட்டின், நாடித்துடிப்புக்குப் பிசோப்ரோலோல், ரத்த அழுத்தத்துக்கு லோசார்ட்டான் ஆகிய நான்கு மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுகிறார். நீரிழிவு இல்லை. உயரம் 155 சென்டிமீட்டர். எடை 76 கிலோவாக இருந்தது. மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் எடையைக் குறைக்கச் சொல்கிறார்களே தவிர, எப்படி என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை என்பது அவருடைய குறை. நியாயமான குறைதான்.

ஐந்து வாரங்களுக்கு முன் நாத்தனார், வாட்ஸ்அப் குழு ஒன்றின் வழியாக வாங்கிய கேப்சூல்களைக் கொடுத்திருக்கிறார். பச்சைப் பெட்டி, மேலே ஓர் இலைப் படம், ‘முழுக்க முழுக்க மூலிகை’ என்ற வாசகம். தயாரித்தவரின் முகவரி பெட்டியில் எங்கும் இல்லை. நாளுக்கு ஒன்று வீதம் சாப்பிட்டதில், மூன்றாம் நாளே பசி போய்விட்டது. ஐந்து வாரத்தில் நான்கு கிலோ குறைந்தது. கூடவே நாக்கு வறள்கிறது, தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது. ஓர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து வீட்டிலுள்ள கருவியில் பார்த்தபோது நாடித்துடிப்பு 104, ரத்த அழுத்தம் 152/94. அவருக்கு வழக்கமாக நாடி 65ஐத் தாண்டாது.

இதற்கிடையே, பசியைக் குறைக்கும் மருந்து ஒன்று மாரடைப்பை 20 விழுக்காடு தடுக்கிறது என்ற செய்தியைப் படித்திருக்கிறார். “அப்படியானால் என் கேப்சூலும் இதயத்துக்கு நல்லதுதானே? படபடப்பு கொழுப்பு கரைவதால் வருகிறது என்கிறார் நாத்தனார். செய்தியில் வந்த அந்த ஊசிதான் மேல் என்றால், எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் மலிவாக வாங்கலாமா? ஊசி போட ஆரம்பித்தால் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா? கேப்சூல் விஷயத்தை டாக்டரிடம் சொன்னால் ஏசுவார் என்று பயமாக இருக்கிறது” என்று கேட்கிறார். உடன் வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்ததாகக் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது. பின்குறிப்பில் கொள்ளு பற்றியும் ஒரு கேள்வி.

சகோதரி, உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அவசரமானது முதலில்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

கேப்சூலை நிறுத்துங்கள். மிச்சமிருப்பதை முடித்துவிட்டு நிறுத்தலாம் என்ற பேச்சே வேண்டாம். பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாமல், அதை எடுத்துக்கொண்டு இன்றோ நாளையோ பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போய் ஓர் ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். இதய மருத்துவரைப் பார்க்க அடுத்த தேதி எப்போதோ, அதுவரை காத்திருக்கக் கூடாது.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் நீங்கள் எழுதிய ஓர் எண். பிசோப்ரோலோல் நாடித்துடிப்பைக் கட்டிவைக்கும் மருந்து. அதைத் தினமும் சாப்பிடுகிற ஒருவருக்கு, படுக்கையிலிருந்து எழுந்த நிலையில் 104 என்றால், அந்தக் கட்டையும் மீறி ஏதோ ஒன்று இதயத்தை விரட்டுகிறது என்று பொருள். கொழுப்பு கரைவதால் நெஞ்சு படபடக்காது. உங்கள் நாத்தனார் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இது அவருக்கு விற்றவர் சொல்லிக்கொடுத்த விளக்கம். படபடப்பைப் பார்த்துப் பயந்து பிசோப்ரோலோல் அளவை நீங்களாகக் கூட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். டாக்சி பிடித்துப் போகலாம் என்று எண்ண வேண்டாம். பெண்களுக்கு மாரடைப்பு சில நேரங்களில் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் குமட்டலாகவும் களைப்பாகவும் வருவதுண்டு. ஒருமுறை அனுபவித்தவர் நீங்கள். உங்கள் உடம்பு ஏதோ சரியில்லை என்று சொன்னால் அதை நம்புங்கள்.

பசி அடங்குவது ஒன்று, இதயம் பிழைப்பது வேறு

இனி உங்கள் முதல் கேள்வி. பசியைக் குறைத்தால் எடை குறையும், எடை குறைந்தால் இதயம் பிழைக்கும், ஆகவே பசியைக் குறைக்கும் எதுவும் இதயத்துக்கு நல்லது என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உங்களை மட்டும் சொல்வானேன்? மருத்துவ உலகமே பல ஆண்டுகள் இதே கணக்கைத்தான் போட்டது. அது எங்கே பிசகியது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் பச்சைப் பெட்டியும் விளங்கிவிடும்.

சிபுட்ராமின் என்றொரு மருந்து இருந்தது. ரிடக்டில் என்ற பெயரில் சிங்கப்பூரிலும் மருத்துவர் சீட்டுடன் கிடைத்தது. மூளையில் நோர்அட்ரினலின், செரட்டோனின் ஆகிய இரண்டும் சீக்கிரம் மறைந்துவிடாமல் பிடித்துவைத்து, வயிறு நிறைந்த உணர்வைத் தரும். ஆனால் நோர்அட்ரினலின் மூளையோடு நிற்கிற சரக்கு அல்ல. இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் முடுக்கிவிடுவது அதன் பிறவிக்குணம். அதனால் நாடியும் ரத்த அழுத்தமும் சற்றே ஏறும். ‘சற்றே தானே, எடை குறைவதால் வரும் நன்மை அதை ஈடுகட்டிவிடும்’ என்று நினைத்தார்கள்.

அதைச் சோதிக்க ஸ்கவுட் என்ற ஆய்வு நடந்தது. முடிவுகள் 2010இல் வெளிவந்தன. 55 வயதைத் தாண்டிய, இதய நோயோ நீரிழிவோ இரண்டுமோ உள்ள ஏறத்தாழ 9,800 பேர் அதில் பங்கேற்றார்கள். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை, சராசரியாக 3.4 ஆண்டுகள். மருந்து எடுத்தவர்களுக்கு எடை கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது உண்மை. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வெற்று மாத்திரைக் குழுவில் 10 விழுக்காட்டினருக்கு வந்தபோது, மருந்துக் குழுவில் 11.4 விழுக்காட்டினருக்கு வந்தன. உயிர்போகாத மாரடைப்பை மட்டும் எடுத்தால் 3.2 விழுக்காடு 4.1 ஆனது. இறப்பு விகிதம் கூடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், இதயத்தைக் காப்பாற்றும் என்று நம்பிக் கொடுத்த மருந்து மாரடைப்பைக் கூட்டியது என்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஐரோப்பா, அமெரிக்கா, சிங்கப்பூர் எல்லாம் அதே ஆண்டில் அதன் விற்பனையை நிறுத்தின.

கடைகளிலிருந்து போன மருந்து, பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. இணையத்தில் விற்கப்படும் ‘மூலிகை’ மெலிவுப் பொருள்களில் சிபுட்ராமின் கலந்திருப்பதாக, சிங்கப்பூரில் மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் ஆண்டுதோறும் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. கேப்சூல், காப்பித் தூள், மிட்டாய், பழச்சாறு என்று வேடம் மட்டும் மாறும். உங்கள் பெட்டியில் அதுதான் இருக்கிறது என்று சோதிக்காமல் என்னால் சொல்ல முடியாது. ஆனால் நாக்கு வறட்சி, தூக்கமின்மை, படபடப்பு, ஏறிய ரத்த அழுத்தம், மூன்றே நாளில் மறைந்த பசி என்று நீங்கள் எழுதிய பட்டியல் அந்த மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலோடு வரிக்கு வரி பொருந்துகிறது. மூலிகைக்குப் பொதுவாக இந்த வேகம் கிடையாது.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. 2002இல் ‘ஸ்லிம் 10’ மாத்திரைகளைச் சாப்பிட்ட ஒரு பெண் உயிரிழந்தார்; தொலைக்காட்சி நடிகை ஒருவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அந்த மாத்திரைகளில் கண்டுபிடிக்கப்பட்டது ஃபென்ஃபுளூரமின் வகையைச் சேர்ந்த பொருள். அந்த ஃபென்ஃபுளூரமினே, இதய வால்வுகளைக் கெடுக்கிறது என்று 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட பசியடக்கி மருந்துதான். இந்தத் துறையின் வரலாறு இப்படித்தான் இருந்திருக்கிறது. ரிமோனபாண்ட் என்ற இன்னொரு எடைக்குறைப்பு மருந்து மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியதால் 2008இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. லோர்காசெரின் என்ற மற்றொன்று 12,000 பேரிடம் சோதிக்கப்பட்டு, இதயத்துக்கு நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்று 2018இல் தேறியது; பிறகு புற்றுநோய்ச் சந்தேகத்தில் 2020இல் அதுவும் போயிற்று. இத்தனையும் பார்த்ததால்தான், புது மருந்து என்றதும் என் வயது மருத்துவர்கள் உடனே கைதட்டுவதில்லை.

அந்த 20 விழுக்காடு

நீங்கள் படித்த செய்தி செலக்ட் என்ற ஆய்வைப் பற்றியது. 2023 நவம்பரில் வெளியானது. மருந்தின் பெயர் செமகுளூட்டைட், வாரம் ஒருமுறை ஊசி. உணவு உண்டதும் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போலச் செயல்பட்டு, மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்கிறது. இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. சிபுட்ராமின் போன வழி வேறு, இது போகும் வழி வேறு. இதுவும் நாடித்துடிப்பைச் சிறிது கூட்டத்தான் செய்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரத்த அழுத்தமும் உடலின் அழற்சியும் குறைகின்றன. இதயத்துக்குக் கிடைத்த நன்மை எடைக் குறைவால் மட்டும் வந்ததாகத் தெரியவில்லை.

17,604 பேர். எல்லோரும் 45 வயதைத் தாண்டியவர்கள்; உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 27 அல்லது அதற்கு மேல்; மாரடைப்போ பக்கவாதமோ கால் ரத்தக் குழாய் அடைப்போ ஏற்கெனவே உள்ளவர்கள்; நீரிழிவு இல்லாதவர்கள். கிட்டத்தட்ட உங்களைப் பற்றிய வர்ணனை இது. சராசரியாக மூன்றேகால் ஆண்டுகளில், வெற்று ஊசி போட்டவர்களில் 8 விழுக்காட்டினருக்கு மாரடைப்போ பக்கவாதமோ இதய நோயால் மரணமோ நேர்ந்தது. மருந்து போட்டவர்களில் 6.5 விழுக்காட்டினருக்கு. எட்டு ஆறரை ஆனதைத்தான் 20 விழுக்காடு குறைவு என்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் நூறு பேர் ஊசி போட்டால் இருபது பேர் காப்பாற்றப்படுகிறார்கள் என்று நீங்கள் புரிந்துகொண்டது சரியல்ல. நூறு பேரில் ஒன்றரைப் பேர். இன்னொரு வகையில் சொன்னால், சுமார் 67 பேர் மூன்றாண்டுக்கு மேல் வாரந்தோறும் போட்டுக்கொண்டால் ஒருவருக்கு வரவிருந்தது வராமல் போகிறது.

இதைக் கேட்டு ‘இவ்வளவுதானா’ என்று சோர்ந்துவிட வேண்டாம். அந்த ஒன்றரை, மற்ற எல்லா மருந்துகளுக்கும் மேலாகக் கிடைத்த உபரி. ஆய்வில் இருந்தவர்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் கொழுப்பைக் குறைக்கும் மருந்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா என்ற உங்கள் கேள்விக்குப் பதிலும் இதுவே: அட்டோர்வாஸ்டட்டினை நிறுத்திவிட்டு ஊசி போட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஆய்வு சோதிக்கவே இல்லை. ஸ்டென்ட் உள்ளவர் அட்டோர்வாஸ்டட்டினையும் ஆஸ்பிரினையும் தாமாக நிறுத்துவது, ஊசி தரும் நன்மையைவிடப் பெரிய நஷ்டத்தை விலைகொடுத்து வாங்குவதாகும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஆய்வில் இருந்தவர்களில் நால்வரில் ஒருவர் அல்லது சற்றே அதிகம்தான் பெண்கள். ஆசியர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு அப்படியே பொருந்துமா என்றால், பொருந்தாது என்று நினைக்கக் காரணம் இல்லை. அதற்குமேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு ஊசி ஏற்றதா?

கேட்கத் தகுதியான கேள்வி. நீங்கள் அதை உங்கள் இதய மருத்துவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். இப்போது 72 கிலோவிலும் உங்கள் பிஎம்ஐ 30. ஆசியர்களுக்கு 27.5க்கு மேல் போனாலே அதிக ஆபத்து என்பது சிங்கப்பூரில் நாம் பின்பற்றும் அளவுகோல். நான் உங்கள் மருத்துவராக இருந்தால், படபடப்பு அடங்கி ஈசிஜி சீரானபின் இந்தப் பேச்சை நானே எடுப்பேன்.

பேசும்போது தைராய்டு, கணையம், பித்தப்பை மூன்றையும் மறக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கோ குடும்பத்திலோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த ஊசி கூடாது. கணைய அழற்சி வந்திருந்தால் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். பித்தப்பைக் கல் தொல்லை சற்றுக் கூடலாம். செலக்ட் ஆய்வில் மருந்துக் குழுவில் 16.6 விழுக்காட்டினர் பக்கவிளைவு தாங்காமல் ஊசியை நிறுத்தினார்கள். வெற்று ஊசிக் குழுவில் அது 8.2. பெரும்பாலும் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்குதான். அதனால்தான் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு மாதங்களில் படிப்படியாக 2.4க்கு ஏற்றுகிறார்கள். நீங்கள் லோசார்ட்டானும் சாப்பிடுகிறீர்கள். வாந்தி நிற்காமல் உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் அடிபடும். அப்படி ஒரு நாள் வந்தால், சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாமல் மருத்துவரை அழையுங்கள்.

பணம் இன்னொரு கேள்வி. மாதத்துக்குச் சில நூறு வெள்ளி ஆகும், அதுவும் ஓரிரு மாதச் செலவு அல்ல. இன்னோர் ஆய்வில், ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ஆகவே தொடர்ந்து கட்டுப்படியாகுமா என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்த பிறகே தொடங்குங்கள். உங்களுக்கு என்ன உதவி கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் மருத்துவச் சமூக சேவகரிடம் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு கிளைச் செய்தி. சில மருந்தகங்களில் மெலிவதற்கு ஃபென்டெர்மின் என்ற மாத்திரை எழுதித் தருவார்கள். சட்டப்படியான மருந்துதான், ஆனால் இதயத் தமனி நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. யார் எழுதிக் கொடுத்தாலும், “எனக்கு ஸ்டென்ட் இருக்கிறது” என்பது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியமாக இருக்கட்டும்.

ஜொகூர் பாரு

முறையான மருந்தகமும் மருத்துவர் சீட்டும் இருந்தால் எல்லை தாண்டியதாலேயே மருந்து கெட்டுப்போவதில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய விளம்பர வாசகத்தில் ‘சீட்டு தேவையில்லை, பஸ் நிலையத்தில் கைக்குக் கை’ என்று இருக்கிறது. அது மருந்தகம் அல்ல. திறக்காத ஊசிப் பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். பஸ் நிலையத்தில் நிற்பவர் பையில் அது எத்தனை மணி நேரம் வெந்ததோ யாருக்குத் தெரியும்? தவிர, போலி செமகுளூட்டைட் பேனாக்கள் பல நாடுகளில் பிடிபட்டதை அடுத்து உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது. ஒருமுறை பெட்டியை நம்பி ஏமாந்தது போதும்.

அந்த இரண்டு பெண்கள்

நீங்கள் போகிறபோக்கில் எழுதியதை நான் அப்படிக் கடந்துபோக முடியாது. அவர்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதா, மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறார்களா என்பது உங்களுக்குத் தெரியாது; சிபுட்ராமினோடு சேரும்போது இரண்டுமே ஆபத்து. இன்றே அவர்களை அழைத்து நிறுத்தச் சொல்லுங்கள். சட்டப் பக்கமும் உண்டு. இப்படிப்பட்ட சட்டவிரோத சுகாதாரப் பொருள்களை விநியோகித்து, குற்றம் நிரூபிக்கப்பட்டால் மூன்றாண்டு வரை சிறையோ 100,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். லாபம் வைக்காமல் வாங்கிக் கொடுத்தேன் என்கிறீர்கள். அது எந்த அளவு எடுபடும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். இனி ஒரு பெட்டிகூட உங்கள் கை வழியாகப் போகக் கூடாது. உங்கள் நாத்தனாருக்கும் இதே பத்தியைப் படித்துக் காட்டுங்கள். சுகாதார அறிவியல் ஆணையத்திடம் தகவல் சொல்லவும் வழி இருக்கிறது. மருத்துவரே உங்கள் சார்பில் பக்கவிளைவைப் பதிவு செய்யலாம்.

டாக்டர் ஏசுவாரா? ஏசலாம். இரண்டு நிமிடம் ஏசுவார், பிறகு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், ஈசிஜி எழுதுவார். அவரிடம் இதைச் சொல்லாவிட்டால், ஏறியிருக்கும் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு லோசார்ட்டான் அளவைக் கூட்டிவிடுவார். கேப்சூலின் வேலைக்கு இன்னொரு மாத்திரை தண்டனை அனுபவிக்கும். பேச நா எழாவிட்டால், பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு “இதை ஐந்து வாரம் சாப்பிட்டேன்” என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.

பின்குறிப்பில் ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று பழமொழியை எடுத்துக்காட்டி, கொள்ளு ரசத்தைத் தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் உண்டு. ஊசி போட்டுப் பசி குறைகிற காலத்தில் தசை கரையாமலிருக்கப் புரதம் வேண்டியிருக்கும். ரசத்தைக் குடித்துவிட்டு அடியில் தங்கும் கொள்ளை ஒதுக்காதீர்கள், அதையும் சுண்டலாக்கிச் சாப்பிடுங்கள். உப்பை மட்டும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.